பார்த்திருங்கள் என்பதா, போய்ப் பாருங்கள் என்பதா?

சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. கடலோரப் பேரிடர் குறித்து ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த ஒரு பக்கக் குறிப்பைத் தமிழாக்கித் தர வேண்டும். எங்கள் வட்டாரத்துத் தோட்டப்புறக் குடும்பங்களுக்குக் கொடுப்பதற்காக நண்பர்கள் சிலர் மேற்கொண்ட சிறு பணி அது. ஒரு பக்கம்தானே என்று மாலையில் உட்கார்ந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். மறுநாள் காலையில் அதைப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் படித்துக் காட்டினால் எங்கே இடிக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார்.

‘சுனாமியைக் கவனிக்கவும்’ என்ற வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“என்னா புள்ள இது? அலை வருதான்னு நம்மள கடலுக்குப் போயி பாக்கச் சொல்றாங்களா?”

ஆங்கிலக் குறிப்பில் இருந்தது ‘சுனாமி வாட்ச்’ என்னும் தொடர். ‘வாட்ச்’ என்றால் கவனி, பார். அகராதியில் முதலில் நிற்கும் பொருளும் அதுதான். நான் தவறாக ஒன்றும் எழுதவில்லை என்றே முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு அந்த வரியை ஒரு தாய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகத் தயாராகும் தாய், படிப்பதாக எண்ணிப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

எங்கள் வீட்டிலிருந்து கோத்தா கோலா மூடா மோட்டார்சைக்கிளில் அரை மணி நேரப் பயணம். மூடா ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் அது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை 8.58க்குச் சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. பகல் ஒரு மணிக்குப் பின்னர் அலை இங்கே வந்தது. இடையில் நான்கு மணி நேரம் இருந்தது. நான்கு மணி நேரம் என்பது தப்பிச் செல்லப் போதுமான நேரம்; ஆனால் அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று முன்னறிவிப்பு முறை எதுவும் இல்லை. ஹவாயில் இருந்த பசிபிக் நிலையம் நிலநடுக்கம் நிகழ்ந்த கால் மணி நேரத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பசிபிக் கடலோரங்களுக்கு ஆபத்தில்லை என்பதே அதன் செய்தி. அந்த நிலையத்தின் பொறுப்பு அந்தக் கடலோடு முடிந்தது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். பினாங்குக்கு அடுத்தபடியாகக் கூடுதலான உயிர்களை இழந்த மாநிலம் எங்கள் கெடா.

அப்போது எனக்கு ஒரு வயது. கெடாவில் ஞாயிறு வேலை நாள் ஆதலால் அப்பா சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலையில் இருந்தாராம். “கடல் தண்ணி ஏறிருச்சு” என்றுதான் முதலில் செய்தி வந்ததாம். கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும் நாள்தோறும் நடப்பதுதானே என்று பலர் வேலையைத் தொடர்ந்தார்களாம். ‘சுனாமி’ என்ற சொல்லை அப்பா அன்று மாலைதான் முதன்முதலாகக் கேட்டார். கடல் திடீரென உள்வாங்கியபோது அதை வேடிக்கை பார்க்கவும், துள்ளிக் கிடந்த மீன்களைப் பொறுக்கவும் இறங்கிச் சென்றவர்கள் அந்த நாளில் பல நாடுகளில் இறந்திருக்கிறார்கள். அதாவது, கடலைக் ‘கவனிக்க’ப் போனவர்கள். இருபது ஆண்டுகள் கழித்து, நானும் அதையே செய்யச் சொல்லி அழகான தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

தொல்காப்பியரின் மூன்று சோதனைகள்

ஒரு சொல் பல பொருள் தருவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. நம்மிடமும் ஏராளம் உண்டு. இதற்குத் ‘பலபொருள் ஒருசொல்’ என்று பெயரே வைத்து, சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் இலக்கணம் சொல்லியிருக்கிறார். முதலாம் ஆண்டில் அந்த இயலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அது ஒரு மொழிபெயர்ப்புக் கருவி என்பது பாட்டி கையை உயர்த்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் அத்தகைய சொற்களை இரண்டாகப் பிரிக்கிறார். அடுத்து வரும் வினையால் பொருள் வேறுபடுபவை ஒரு வகை. வினை வந்தும் வேறுபடாதவை மற்றொரு வகை. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘மா’ என்னும் சொல். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. வினையே பொருளைக் காட்டிவிடுகிறது. ‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். இங்கே வினை உதவாது.

பொருளைத் தெளிய மூன்று வழிகளைத் தொல்காப்பியர் தருகிறார்: வினை, இனம், சார்பு. உடன்வரும் வினை என்ன? பக்கத்தில் இனமாக நிற்கும் சொற்கள் எவை? எந்தச் சூழலைச் சார்ந்து பேசப்படுகிறது? இவை கேட்பவனுக்கு உதவும் வழிகள். இவற்றாலும் தெளியாவிட்டால் பொறுப்பு சொல்பவன் பக்கம் வந்துவிடுகிறது. தான் கருதியதை அவன் வெளிப்படையாகக் கிளந்து சொல்ல வேண்டும். ‘மாமரம் வீழ்ந்தது’ என்று முழுமையாகச் சொல்ல வேண்டும்.

‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். வரைந்தால் அது கோடு. நின்றால் வரிசை. துண்டிக்கப்பட்டால் தொலைபேசி இணைப்பு. மனப்பாடம் செய்தால் செய்யுளின் அடி அல்லது நாடக வசனம். மீன் கடித்து இழுத்தால் தூண்டில் நூல். இதுவரை வினையே நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. ‘லைன் நீளமாக இருக்கிறது’ என்று வந்தால் நின்றுவிடுகிறோம். கோடா, வரிசையா, நூலா? இது ‘மா வீழ்ந்தது’ போன்றது. முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்தால்தான் தெரியும். அகராதியைத் திறப்பதற்கு முன்பு அதைச் செய்ய வேண்டும்; நம்மில் பலரும் திறந்த பின்புகூடச் செய்வதில்லை.

தோட்டத்துக்குள் போனால் இதே ‘லைன்’ இன்னும் இரண்டு பொருள்களில் நிற்கிறது. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை ஆங்கிலேயர்கள் ‘லைன்ஸ்’ என்றார்கள். நம்மவர் நாவில் அது லயம் ஆயிற்று. இலங்கை மலையகத்திலும் அதே சொல்தான். ஆனால் காட்டில் பால்மரங்கள் நின்ற வரிசைக்கு நம்மவர் ஆங்கிலத்தைத் தேடிப் போகவில்லை. அதற்கு ‘நிரை’ என்ற பழந்தமிழ்ச் சொல்லே இருந்தது. “என் நிரையில் அறுநூறு மரம்” என்று பாட்டி இன்றும் சொல்வார். எழுத்தறியாத ஒருவர், வீடு என்றால் லயம், மரம் என்றால் நிரை, சம்பள நாளில் நிற்பது வரிசை என்று ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை. பட்டப்படிப்பு படிக்கும் நான்தான் எல்லாவற்றையும் ‘வரிசை’ என்று எழுதுகிறேன்.

லயம் என்பதும் இப்போது தமிழில் பலபொருள் ஒருசொல் ஆகிவிட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இசையறிந்தவருக்கு அது தாளக்கட்டு. ‘லயத்தோடு வாழ்ந்தார்’ என்று எழுதினால் சென்னை வாசகருக்கு ஒரு படம் தோன்றும். பீடோங் வாசகருக்கு வேறு படம் தோன்றும்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

‘எஸ்டேட்’ என்ற சொல் எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய கதையோடு சேர்ந்தது. தாத்தா இறந்தபின், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் நிரப்ப வேண்டிய ஒரு தாளும் வந்தன. இறந்தவரின் ‘எஸ்டேட்’ பற்றிய விவரங்களைக் கேட்டிருந்தார்கள். குடும்பத்தில் ஓரளவு ஆங்கிலம் தெரிந்த உறவினர் ஒருவர், தாத்தா பிறந்த தோட்டம், வேலை செய்த தோட்டம், ஓய்வுபெற்ற தோட்டம் என மூன்று தோட்டங்களின் பெயர்களையும் அழகாக எழுதி அனுப்பிவிட்டார். அவர்கள் கேட்டது தாத்தா விட்டுச்சென்ற சொத்து. தாத்தாவிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு. ஆனால் இருந்த சிறிதும் கைக்கு வர மேலும் பல மாதங்கள் ஆயின. வீட்டில் இதைச் சொல்லி இன்றும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த ஒரே பொருளில் மட்டும் அந்தச் சொல்லைக் கேட்ட மனிதர் வேறு எதை எழுதுவார்?

‘எஸ்டேட்’ என்பதற்குத் தமிழில் குறைந்தது நான்கு சொற்கள் தேவைப்படுகின்றன. ரப்பரோ செம்பனையோ நட்டிருந்தால் தோட்டம். தொழிற்சாலைகள் சேர்ந்திருந்தால் தொழிற்பேட்டை. வீடுகள் சேர்ந்திருந்தால் குடியிருப்புப் பகுதி. இறந்தவருடையது என்றால் அவர் விட்டுச்சென்ற சொத்து. இங்கே நமக்கு உதவுவது இனம். அதாவது பக்கத்தில் நிற்கும் சொல். ‘ஹவுசிங்’ என்ற சொல்லைப் பக்கத்தில் பார்த்த பிறகும் தோட்டம் என்று எழுதினால் அது ‘வீட்டுத்தோட்டம்’ ஆகிவிடும். கத்தரிச் செடியும் வெண்டைச் செடியும் கண்முன் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது “தோட்டத்துல இருந்து தாமானுக்கு வந்துட்டோம்” என்றே எல்லாரும் சொன்னார்கள். தோட்டம் என்பது தமிழ். தாமான் என்பது மலாய். அதற்கும் பூங்கா, தோட்டம் என்பதே மூலப்பொருள். ஆங்கிலத்தில் சொன்னால் எஸ்டேட்டிலிருந்து எஸ்டேட்டுக்கு. அகராதியை வைத்துப் பார்த்தால் நாங்கள் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை! ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்து வாடகை வீட்டுக்கு வந்தவர்களைக் கேட்டால் தெரியும், அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று.

ஓர் ‘ஐ’ செய்யும் வேலை

அடுத்து ‘டேப்’. பெயராக வந்தால் தண்ணீர்க் குழாய். தோளில் என்றால் தட்டுதல். தொலைபேசியில் என்றால் ஒட்டுக்கேட்டல். தென்னை மரத்தில் என்றால் கள் இறக்குதல். ரப்பர் மரத்தில் என்றால்? மலேசியத் தமிழில் மரம் சீவுதல் என்றும் மரம் வெட்டுதல் என்றும் இரு வழக்குகள் உண்டு. எங்கள் பக்கத்தில் வெட்டுதல்தான் மிகுதி.

இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் படித்தால் என்ன ஆகும்? ‘என் பாட்டி முப்பது ஆண்டுகள் மரம் வெட்டினார்’ என்றால் அவர் கோடரியோடு காட்டை அழித்த ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்வார். அதனால் ‘சீவுதல்’ என்பதே எழுத்துக்கு ஏற்றது என்பார் சிலர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஏனெனில் எங்கள் பேச்சுவழக்கில் அந்தக் குழப்பம் வருவதே இல்லை. பாட்டியின் பேச்சைக் கூர்ந்து கேட்டபோது அதன் காரணம் தெரிந்தது. ஒருநாள் அவர் சொன்னார்:

“மரம் வெட்டுன வரைக்கும் சோத்துக்குக் கொறையில்ல. மரத்த வெட்டுனாங்க, லயமே காலியாப் போச்சு.”

‘மரம் வெட்டுதல்’ என்றால் பால் எடுக்கும் தொழில். ‘மரத்தை வெட்டுதல்’ என்றால் சாய்த்துவிடுதல். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தைத்தான் பாட்டி குறிப்பிட்டார். இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ ஒன்று, ஒரு தொழிலையும் அத்தொழிலின் முடிவையும் பிரித்துக் காட்டுகிறது. எந்த அகராதியிலும் நான் இதைப் பார்த்ததில்லை. நமக்குத் தேவையான வேறுபாடு எப்போதும் தனிச்சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உருபிலும் துணைவினையிலும் அது ஒளிந்திருக்கலாம் என்பதை இதிலிருந்தே கற்றேன்.

எதிர்த்திசையில் பார்த்தால் ‘பால்’ ஒன்று போதும். பசுவிடம் கறப்பதும் பால், மரத்தில் வடிவதும் பால், ஆண்பால் பெண்பால் என்பதும் பால், திருக்குறளின் மூன்று பிரிவுகளும் பால். நம் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர் படும் பாட்டையும் நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மலாய்மொழி என்னும் சல்லடை

நம்மைப் போன்று தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களிடம் ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலும் அதை நாம் வசதியாக நினைப்பதில்லை; தமிழ் கெட்டுப்போனதற்கான காரணமாகவே சொல்லிக்கொள்கிறோம். ஆங்கிலச் சொல்லை நேரே தமிழாக்காமல், அந்த இடத்தில் மலாய்க்காரர் எந்தச் சொல்லைப் போடுவார் என்று ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். மலாய்மொழி சல்லடைபோல் பொருள்களைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

‘பேங்க்’ என்பதைப் பாருங்கள். பணம் போடும் இடம் மலாயிலும் பேங்க். மூடா ஆற்றின் கரை தெபிங். ‘எஸ்டேட்’ என்பது லாடாங்கா, தாமானா, ஹர்த்தா பூசாக்காவா? எங்கள் உறவினருக்கு அந்தத் தாள் மலாயில் வந்திருந்தால் ஹர்த்தா பூசாக்கா என்ற சொல்லைப் பார்த்தவுடன் சொத்து என்று புரிந்திருக்கும். ‘லைன்’ வந்தால் காரிஸ், பாரிசான், தாலியான் என்று தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

சல்லடையில் ஓட்டையும் உண்டு. வேலைக்கு அடிக்கடி தாமதமாக வருபவருக்குத் தொழிற்சாலையில் கொடுப்பது ‘வார்னிங்’ கடிதம். புயலுக்கும் வெள்ளத்துக்கும் வருவதும் ‘வார்னிங்’. மலாயில் இரண்டுக்கும் அமாரான்தான். தமிழிலும் இரண்டுக்கும் எச்சரிக்கைதான். கண்டிப்பதும் எச்சரிக்கை, காப்பாற்ற முயல்வதும் எச்சரிக்கை. சிகரெட் பெட்டியிலும் எச்சரிக்கை, மின்கம்பத்திலும் எச்சரிக்கை. இவ்வளவு இடங்களில் தேய்ந்த ஒரு சொல், உயிர் போகும் நேரத்தில் மக்களை எழுந்து ஓடவைக்குமா என்பது என் ஐயம்.

மீண்டும் ‘வாட்ச்’

இப்போது பாட்டி நிறுத்திய வரிக்கு வருவோம். ‘வாட்ச்’ கையில் கட்டினால் கடிகாரம். இரவில் என்றால் காவல். தோட்டத்தில் அந்த வேலையைச் செய்பவரை மலாய்ச் சொல்லால் ஜாகா என்றே அழைத்தோம். தொலைக்காட்சி என்றால் பார்த்தல். குழந்தை என்றால்? ‘பிள்ளையைப் பார்’ என்பது வேறு, ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்பது வேறு. வழுக்கும் இடத்தில் “பார்த்து, பார்த்து!” என்பது இன்னும் வேறு. பார், பார்த்துக்கொள், பார்த்திரு. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து வைத்ததைத் தமிழ் துணைவினைகளைக் கொண்டு பிரிக்கிறது. ‘கா’ என்றால் காப்பாற்று. ‘காத்திரு’ என்றால் எதிர்பார்த்திரு. ‘சுனாமி வாட்ச்’ என்பதில் இருப்பது ‘பார்’ அன்று, ‘பார்த்திரு’. நான் துணைவினையை விட்டுவிட்டேன். அங்கேதான் பிழை.

மூன்று சோதனைகளையும் நடத்தியிருந்தால் தப்பியிருக்கலாம். ‘சுனாமி வாட்ச்’ என்பதில் வினை இல்லை, இரண்டும் பெயர்ச்சொற்கள். ஆகவே முதல் சோதனை உதவாது. இனத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதே பக்கத்தில் ‘வாட்ச்’, ‘அட்வைசரி’, ‘வார்னிங்’ என்று மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. மூன்றும் ஒரே ஏணியின் படிகள். தொலைவில் நிலநடுக்கம் நிகழ்ந்திருக்கிறது, அலை வருமா என்று ஆராய்கிறார்கள், செய்திக்குத் தயாராக இருங்கள் என்பது ‘வாட்ச்’. நீரோட்டம் ஆபத்தானது, கடலிலும் கரையிலும் இருக்காதீர்கள் என்பது ‘அட்வைசரி’. ஊருக்குள் நீர் புகலாம், உடனே மேட்டுக்குப் போங்கள் என்பது ‘வார்னிங்’. நான் இந்த மூன்றையும் கவனிக்கவும், ஆலோசனை, எச்சரிக்கை என்று எழுதியிருந்தேன். ஆலோசனை என்றால் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். கல்யாணத்துக்கு வரும் உறவினர் எல்லாரும் தருவது அது.

சரி, மற்ற தமிழர்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். அங்கேதான் குழப்பம் முற்றியது. இந்திய வானிலைத் துறை மஞ்சளுக்கு ‘வாட்ச்’, ஆரஞ்சுக்கு ‘அலர்ட்’, சிவப்புக்கு ‘வார்னிங்’ என்று வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு ஊடகங்களில் இவை மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை ஆகிவிடுகின்றன. சொல்லின் வேறுபாடு மறைந்து, நிறம் மட்டும் எஞ்சுகிறது. இலங்கையில் மண்சரிவுக்கு மஞ்சள் ‘வாட்ச்’, அடுத்தது ‘அலர்ட்’, சிவப்பு என்றால் வெளியேற்றம். அங்கே இது ஏட்டுப் பிரச்சினை அன்று. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் நம்மைப் போன்ற தோட்டத் தமிழர்கள்.

நம் நாட்டில் வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்றுநீர் மட்டத்தை வஸ்பாடா, அமாரான், பஹாயா என மூன்று படிகளாகக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘அலர்ட்’, ‘வார்னிங்’, ‘டேஞ்சர்’. அதாவது இந்தியாவில் இரண்டாம் படியாக இருக்கும் ‘அலர்ட்’ மலேசியாவில் முதற்படி. இந்தியாவில் உச்சப்படியான ‘வார்னிங்’ நம் ஆற்றில் நடுப்படி. தமிழ்நாட்டு இணையப் பக்கம் ஒன்றிலிருந்து சொல்லை எடுத்து மூடா ஆற்றுக்குப் பொருத்தினால் ஒரு படி பிசகிவிடும். 2003ஆம் ஆண்டு இதே ஆறு கரைபுரண்டதை எங்கள் பக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். ஒரு படி என்பது வீட்டுக்குள் நீர் வரும் முன்பா, வந்த பின்பா என்னும் வேறுபாடு.

மலாய்ச் சல்லடை இங்கே கைகொடுத்தது. வஸ்பாடா என்றால் விழிப்பு. ‘வாட்ச்’ என்பதற்கு ‘விழிப்பு நிலை’ என்று எழுதினேன். பாட்டி ‘உஷாரு’ என்று எழுதச் சொன்னார். உஷார் உருதுவழி வந்த சொல் என்று எங்கள் மன்றத்தில் எழுதவிட மாட்டார்கள். ஆனால் பாட்டியின் சொல்தான் வேகமாகப் போய்ச் சேரும் என்று எனக்கும் தெரியும். அடைப்புக்குறிக்குள் போட்டுச் சமாளித்தேன். மற்ற இரண்டு படிகளுக்கும் பெயர்ச்சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டேன். தொல்காப்பியர் கிளந்து சொல்லச் சொல்கிறார் அல்லவா? செய்ய வேண்டியதையே வினையாக எழுதிவிட்டேன். திருத்திய வரிகள் இவை:

முதல் நிலை, விழிப்பாக இருங்கள் (உஷார்): தொலைவில் நிலநடுக்கம் ஏற்பட்டுள்ளது. அலை வருமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. கடலைப் பார்க்கப் போகாதீர்கள். வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இரண்டாம் நிலை, கரையை விட்டு விலகுங்கள்: கடல்நீர் வேகமாக ஏறி இறங்கும். கடலில் இறங்காதீர்கள். கடற்கரையிலும் ஆற்று முகத்திலும் நிற்காதீர்கள்.

மூன்றாம் நிலை, உடனே வெளியேறுங்கள்: அலை ஊருக்குள் வரலாம். பொருள்களை எடுக்க நிற்காமல் மேடான இடத்துக்குச் செல்லுங்கள். முதல் அலைக்குப் பின் இன்னும் அலைகள் வரும். அறிவிப்பு வரும்வரை திரும்பாதீர்கள்.

ஒரு பக்கக் குறிப்பு ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. ‘சுருக்கமாக இல்லையே’ என்றார் ஒரு நண்பர். ஆங்கிலத்தில் அது சுருக்கமாக இருப்பதற்குக் காரணம், ‘வாட்ச்’ என்றால் என்ன என்பதைப் படிப்பவர் முன்பே வேறெங்கோ கற்றிருப்பார் என்ற நம்பிக்கை. எங்கள் வாசகருக்கு அந்த வேறெங்கோ இல்லை.

மீண்டும் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். இம்முறை கடைசிவரை கையை உயர்த்தவில்லை. கடைசிக்கு முந்திய வரியில் மட்டும் “ஒலிப்பான்னா என்னா?” என்று கேட்டார். ‘அபாய ஒலிப்பான் ஒலித்தால்’ என்று எழுதியிருந்தேன். சைரனைத்தான் சொல்கிறேன் என்றேன். “அது சங்குல்ல?” என்றார். ஆலைச் சங்கு என்று சொல்வது உண்டே, நல்ல தமிழாகவும் இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு ‘சங்கு ஊதினால் உடனே வெளியேறுங்கள்’ என்று மாற்றி எழுதிப் படித்தேன். பாட்டி சிறிது நேரம் யோசித்தார்.

“வேணாம் புள்ள. சங்கு ஊதுனா, யாரு வீட்டுல சாவுன்னு பாக்க வருவாங்க.”

அடித்துவிட்டு ‘சைரன்’ என்றே எழுதினேன்.